சுவர் பார்த்துத் தொங்கிய கை

சவரக்கத்தியைக் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் பிடித்திருக்கும். பார்ப்பவர்கள் அவைதான் வேலை செய்கின்றன என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் கத்தியை ஓட்டுவது சுண்டுவிரல். அலகின் பின்பக்கம் வால்போல் வளைந்த ஒரு நுனி இருக்கிறது. சுண்டுவிரல் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். தாடை எலும்பு திரும்புகிற இடத்தில் கத்தி எவ்வளவு சாய வேண்டும், தொண்டைக்குழியில் எவ்வளவு லேசாகப் போக வேண்டும் என்பதை அந்த விரல்தான் உணர்ந்து சொல்லும். படகுக்குச் சுக்கான் மாதிரி.

என் கணவன் லாம்பெர்ட்டுக்கு அந்த விரல் மரத்துக்கொண்டு வந்தது.

ஜெர்மனியில் பாடர்போர்னுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஒரே ஒரு முடிதிருத்தும் கடை, அது எங்களுடையது. அவன் வெட்டுவான், சவரம் செய்வான். நான் நுரை போடுவேன், துண்டுகளைச் சுடவைப்பேன். 1951 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அவன் பள்ளி ஆசிரியரின் காதுமடலைக் கீறிவிட்டான். அடுத்த சனிக்கிழமை மாட்டு வியாபாரி ஃபெர்டியின் தொண்டையை. படிகாரக் கட்டியைத் தொண்டையில் அழுத்திக்கொண்டே ஃபெர்டி சொன்னான்:

"பரவால்லடா. ஒரு காலை ரஷ்யாக்காரன் எடுத்துக்கிட்டான். மிச்சத்தை நீ கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கோ."

பெஞ்சில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். லாம்பெர்ட்டும் சிரித்தான். கடையை மூடிய பிறகு அவன் வலது கையை மேசைமேல் மல்லாத்தி வைத்து, சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் இடது கையால் நிமிர்த்திப் பார்த்தான். விட்டதும் அவை மறுபடி மடங்கிக்கொண்டன.

"குளிர்தான் காரணம்," என்றான்.

"அடுப்பு எரியுது, லாம்பெர்ட்."

"எலும்புக்குள்ள குளிர்."

அவனை அறுவை மருத்துவரிடம் அழைத்துப்போக எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. டாக்டர் ஹில்லெபிராண்ட் இளைஞர். கையைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன் தன் விரல்களை அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில் வைத்துச் சூடாக்கிக்கொள்பவர். எக்ஸ்ரே படத்தை ஜன்னலுக்கு எதிரே பிடித்துக் காட்டினார். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு ஒரு காலத்தில் உடைந்து, கோணலாகக் கூடியிருந்தது. அதைச் சுற்றி மிளகு தூவியதுபோல் குண்டுச் சில்லுகள்.

"நரம்பு இங்க தழும்புக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கு. தழும்பு வருஷா வருஷம் இறுகும். திறந்து அதை விடுவிக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும். நாப்பத்திநாலுல இந்த நரம்பு அறுந்து, தைச்சாங்களா? இல்ல, அறுபடாமலே இருந்துதா?"

லாம்பெர்ட் என்னைப் பார்த்தான். "ஈதர் குடுத்துத் தூங்க வச்சிட்டாங்க டாக்டர். முழிச்சப்போ மாவுக்கட்டுக்குள்ள இருந்தேன்."

"அறுபடலன்னா தழும்பை உரிச்சு எடுத்துடுவேன், விரல் பிழைச்சுக்கும். தைச்சிருந்தா அந்தத் தழும்பே தையல்தான். அதை உரிச்சா இப்ப மிச்சமிருக்கிற உணர்வும் போயிடும்."

"திறந்து பார்த்தா தெரியாதா?" என்று கேட்டேன்.

"ஏழு வருஷத் தழும்பும்மா. வெளியிலேர்ந்து ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ரொட்டியைப் பார்த்து மாவை எந்தக் கையால பிசைஞ்சாங்கன்னு சொல்ல முடியுமா?" அவர் லாம்பெர்ட்டின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருந்த சதையைக் கிள்ளினார். அங்கே சதை வற்றிக் குழிவிழுந்திருந்தது. "இது இப்படியே போனா கோடைக்கு மேல நரம்பு சரியானாலும் தசை எழுந்திருக்காது. அவரோட ராணுவக் காகிதம் எல்லாத்தையும் தேடி எடுத்துட்டு வாங்க. அறுத்தவங்க எங்கேயாவது எழுதி வச்சிருப்பாங்க."

அவர் சொன்னது சரிதான். ராணுவத்தில் காயம்பட்டவனைப் பின்னாலேயே காகிதம் தொடரும். முதலில் ஓர் அட்டை. விழுந்த இடத்திலேயே சட்டைப் பொத்தானில் மாட்டிவிடுவார்கள். அதன் இரண்டு ஓரங்களிலும் கிழிக்கத்தக்க சிவப்புப் பட்டைகள். நடக்கக்கூடியவனுக்கு இரண்டையும் கிழித்துவிடுவார்கள். வண்டியில் ஏற்றலாம் என்றால் ஒன்றை விட்டுவைப்பார்கள். இரண்டு பட்டையும் இருந்தால் அவனை நகர்த்தக் கூடாது. தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிந்துவிடும், ஒரு வார்த்தை படிக்க வேண்டாம். லாம்பெர்ட்டுக்கு ஒரு பட்டை.

பிறகு படைப்புத்தகம். ஒவ்வொரு சிப்பாயும் சட்டைப் பையில் வைத்திருந்த சிறு புத்தகம் அது. பூட்ஸ் அளவு, போட்ட ஊசிகள், விடுப்புகள் எல்லாம் அதில் ஏறும். நடுவில் ஆஸ்பத்திரிகளுக்கென்று ஒரு பக்கம். ஆஸ்பத்திரியின் பெயர், சேர்ந்த நாள், நோயாளிப் பதிவேட்டில் அவனுடைய எண். நோயின் பெயரை மட்டும் எழுத மாட்டார்கள், அதற்கும் ஒரு எண்தான். ஆஸ்பத்திரிப் பெயரும் பதிவு எண்ணும் இருந்தால் போதும், அவனை அறுத்த நாளில் என்ன செய்தார்கள் என்ற குறிப்பு வரைக்கும் போய்விடலாம். கொக்கியில் மாட்டிய கொக்கியாக ஒன்று அடுத்ததை இழுத்துவரும்.

லாம்பெர்ட்டின் படைப்புத்தகம் எங்களிடமே இருந்தது. அலமாரியிலிருந்து எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். நடு வரியில், பெயரும் எண்ணும் இருக்க வேண்டிய இடத்தில், வட்டமாக ஓர் ஓட்டை. ஓட்டை வழியாக மேசை விரிப்பின் நீலக் கட்டம் தெரிந்தது.

அதை வெட்டியவள் ஆக்னெஸ். லாம்பெர்ட்டைவிடப் பத்து வயது மூத்த அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைக்கு மேல்மாடியில் இருந்துகொண்டு கோயில் துணிகளைத் துவைத்து இஸ்திரி போடுகிறவள். நாற்பத்தைந்தில் ஈஸ்டருக்கு முந்தின நாள் அமெரிக்கர்கள் ஊருக்குள் வருகிறார்கள் என்று தெரிந்ததும், நாஜி அரசின் கழுகு முத்திரை உள்ள காகிதத்தோடு அகப்பட்டவனைத் திரும்பக் காண முடியாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஊரே கத்திரியும் கையுமாக உட்கார்ந்தது. ஆக்னெஸ் கடையிலிருந்த மூக்குமுடிக் கத்திரியை எடுத்து, புத்தகத்தில் இருந்த கழுகு ஒவ்வொன்றையும் வட்டமாக வெட்டி அடுப்பில் போட்டாள். சுத்தமான வேலை, ஓரத்தில் ஒரு பிசிறு கிடையாது. காகிதத்துக்குப் பின்பக்கமும் உண்டு என்பதுதான் அன்று யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் வந்த அமெரிக்கச் சிப்பாய் புத்தகத்தை விரித்து, ஓர் ஓட்டைக்குக் கண்ணை வைத்து, அதன் வழியாக ஆக்னெஸைப் பார்த்துக் கண்ணடித்தான். லாம்பெர்ட்டின் கையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

"அந்தக் கத்திரிதான் அவனைக் காப்பாத்துச்சு," என்றாள் ஆக்னெஸ், நான் புத்தகத்தைக் காட்டியதும்.

"யாரும் இல்லைன்னு சொல்லல, ஆக்னெஸ்."

"நீ சொல்லல. உன் மூஞ்சி சொல்லுது."

பெர்லினில் ராணுவ ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் அலுவலகத்துக்கு எழுதினேன். பதில் மரியாதையாகவே வந்தது. ஆஸ்பத்திரிப் பெயரோ எண்ணோ இருந்தால் உடனே தேடலாம், வெறும் ஆள் பெயரை வைத்துத் தேட வரிசையில் காத்திருக்க வேண்டும், வரிசை ஓராண்டுக்கும் மேல். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பதிவேடுகள் ஆஸ்பத்திரி வாரியாகக் கட்டப்பட்டவை. தெருவின் பெயர் தெரியாமல் ஒரு வீட்டைத் தேடித் தரச் சொன்னால் யாராக இருந்தாலும் எல்லாத் தெருவிலும்தான் நடந்தாக வேண்டும்.

ஆகவே கடையில் விசாரிக்கத் தொடங்கினேன். சனிக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் ஆஸ்பத்திரி பார்க்காதவர் யாரும் இல்லை. அதைப்பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவார்கள். காயம்பட்ட நாளுக்கு முந்தியதைப்பற்றி யாரும் கடையில் பேசுவதில்லை.

"என்ன ஞாபகம் இருக்கு, சொல்லு," என்றான் ஃபெர்டி, முகம் நிறைய நுரையோடு.

"செங்கல் கட்டடம். முன்னாடி பள்ளிக்கூடமா இருந்திருக்கணும், கரும்பலகை இருந்துச்சு. ஜுரத்துல ஊர்ப் பேரே மனசுல ஏறல. நூடுல்ஸ் மேல கசகசாவும் சர்க்கரையும் போட்டுக் குடுத்தாங்க."

"கசகசாவா? அப்ப மொராவியா."

"சிலேசியாவுலயும் போடுவாங்க," என்றார் ஆசிரியர், காதைக் கையால் மறைத்துக்கொண்டு.

"சிலேசியாவுல அதை ரொட்டியோட தின்பாங்க சார். நான் மூணு மாசம் தின்னிருக்கேன். ஒரு கால் போனதுக்கு அது ஒண்ணுதான் ஆறுதல்."

"மொராவியா ஒரு ஊரா? அது ஒரு நாடு மாதிரி," என்றான் லாம்பெர்ட். "விடுங்கப்பா. சாயாம உட்காரு ஃபெர்டி, மறுபடி கீறப்போறேன்."

"கீறு. நீ ஸ்டுகாவா வந்து இறங்கின நாள்லேர்ந்து உன்னைப் பார்த்தா எனக்குப் பயந்தான்."

பெஞ்சு முழுவதும் சிரித்தது. ஸ்டுகா என்பது குண்டு போடும் விமானம். மேல்கை எலும்பு உடைந்தவனுக்கு மார்பு முழுவதும் மாவுக்கட்டுப் போட்டு, கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் நீட்டி, அதையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். சிப்பாய்கள் அதற்கு வைத்த பெயர்தான் ஸ்டுகா. லாம்பெர்ட் நாற்பத்துநாலு டிசம்பரில் அப்படித்தான் வந்தான். ரயில் கதவுக்குள் நேராக நுழைய முடியாமல் நண்டுபோலப் பக்கவாட்டில் இறங்கினான். வீட்டில் மல்லாந்துதான் படுக்க முடிந்தது. நான் அந்தக் கைக்குக் கீழே, பாலத்துக்கடியில் படுப்பவள் மாதிரிப் படுத்துக்கொள்வேன். முகத்துக்கு நேர் மேலே மாவுக்கட்டு. அதில் பென்சிலால் ஏதேதோ கிறுக்கியிருக்கும். கூட இருந்த சிப்பாய்கள் எழுதிய கேலிகள். 'இறங்கும் இடம்: சமையலறை' என்று ஒன்று. இன்னும் சில, இங்கே எழுத முடியாதவை. அவற்றுக்கு நடுவில் ஒரு படம். இரண்டு நீளக் கோடுகள், குறுக்கே மின்னல் மாதிரி ஒரு கோடு.

நுரைத் தூரிகையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

எலும்பை அப்படித்தான் வரைவார்கள். இரண்டு கோடுகள் எலும்பு, மின்னல் முறிவு. மருத்துவர் வரைந்தது அது. காகிதம் தொலையும், எரியும், சிப்பாய் ஒரு ரயிலிலும் காகிதம் இன்னொரு ரயிலிலும் போகும். மாவுக்கட்டு மட்டும் ஆளைவிட்டுப் போகாது. அதனால் போர்க்கால மருத்துவர்கள் எல்லாவற்றையும் கட்டின்மேலேயே எழுதிவிடுவார்கள், அடுத்த ஆஸ்பத்திரிக்காரர் உடனே படித்துக்கொள்ளட்டும் என்று. வாரக்கணக்கில் அது என் முகத்துக்கு மேலே இருந்தது. எல்லாமே கேலி என்று நினைத்து நான் அதைப் படிக்கவே இல்லை.

"லாம்பெர்ட், அந்த மாவுக்கட்டு எங்க?"

"எந்தக் கட்டு? நம்ம ஊர்க் கிழ டாக்டர் இங்கேயே, இதே நாற்காலியில வச்சு அறுத்துப் போட்டாரு. குப்பைக்குப் போயிருக்கும்."

ஃபெர்டி இருமினான். நுரைக்கு மேலே அவன் கண்கள் மட்டும் தெரிந்தன. அவை சிரித்துக்கொண்டிருந்தன.

"குப்பைக்கா? டேய், அப்ப உனக்கு இன்னும் தெரியாதா?"

"என்ன தெரியாதா?"

"அதை மாதா கோயில்ல மாட்டறதுக்கு ஆணி அடிச்சதே நான்தானே. உங்க அக்கா என் மாட்டு வண்டியில கன்னுக்குட்டியோட உட்கார்ந்து வந்தா. ஆறு வருஷமா ஊரே உன் கையைக் கும்பிட்டுட்டு வருது."

எங்கள் ஊரிலிருந்து காட்டு வழியாக நடந்தால் குன்றின்மேல் ஒரு மாதா கோயில். உடம்பு சரியானவர்கள் அங்கே நேர்ச்சையாகத் தங்கள் ஊன்றுகோலை, இரும்புச் சட்டத்தை, மெழுகுக் கையை, காலைக் கொண்டுபோய்த் தொங்கவிடுவார்கள். ஒவ்வொரு ஜூலையும் யாத்திரைக்குப் போகிறபோது நானும் அந்தச் சுவருக்குக் கீழேதான் முழங்கால் போட்டிருக்கிறேன்.

லாம்பெர்ட் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மாடிப்படிக்குப் போய் நின்றான். "ஆக்னெஸ்!"

அவள் இறங்கி வந்தாள், கையில் பாதி மடித்த பலிபீடத் துணியோடு. பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஃபெர்டியை ஒரு பார்வை பார்த்தாள். அவன் துண்டை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டான்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றான் லாம்பெர்ட்.

"சொன்னா சிரிப்பே."

"சிரிச்சிருப்பேன்."

"அதான் சொல்லல. உன் கையோட நீ திரும்பி வந்தா அந்தக் கட்டை மாதாவுக்குக் குடுக்கறேன்னு நேர்ந்துக்கிட்டேன். வந்தே. குடுத்தேன்."

நான் அவளுக்கு மெதுவாக எடுத்துச் சொன்னேன். அதில் என்ன எழுதியிருக்கலாம், டாக்டருக்கு அது எதற்கு வேண்டும், கோடை வரைதான் நேரம் என்று. ஆக்னெஸ் கேட்டுக்கொண்டே துணியை இன்னும் சின்னதாக மடித்தாள்.

"கழட்டக் கூடாது," என்றாள்.

"ஆக்னெஸ்."

"குடுத்தது மாதாவோடது. திருப்பி வாங்கினா அவ எதைத் திருப்பி வாங்குவான்னு உனக்குத் தெரியுமா, மெக்டில்ட்? விரல் மரத்துப்போனதுக்கே எனக்கு ராத்திரியில தூக்கம் இல்ல. நான் செஞ்சதுல எது தப்புன்னு யோசிச்சுக்கிட்டே கிடக்கறேன்."

மறுநாள் பூசை முடிந்ததும் மூன்று பேரும் குன்றுக்கு நடந்தோம். ஆக்னெஸ் முன்னால் போனாள். வருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தாள், சம்மதிக்கிறேன் என்று சொல்லவில்லை. காட்டில் பனி பாதி உருகிக் கிடந்தது. லாம்பெர்ட் வழியெல்லாம் வலது கையைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்திருந்தான்.

கோயிலுக்குள் ஆள் இல்லை. இடது சுவரில் ஊன்றுகோல்களுக்கும் மெழுகுக் கைகளுக்கும் நடுவே அது தொங்கியது. மேல்கையும் முழங்கையும் சேர்ந்த பாதி ஓடு. மெழுகுதிரிப் புகை படிந்து பழைய பாத்திரம் மாதிரி ஆகியிருந்தது. உட்பக்கம் வெளியே தெரிய, எழுதிய பக்கம் சுவரைப் பார்த்திருந்தது.

"ஏன் திருப்பி மாட்டினே?" என்று கேட்டேன்.

"அதுல எழுதியிருந்ததை மாதா படிக்கணுமா?"

லாம்பெர்ட் சிரித்துவிட்டான். அந்தக் கோயிலில் அவன் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். எனக்கோ வேறு நினைப்பு. போருக்கு முன்பு நான் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள், அந்தப் பென்சில் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். மைப்பென்சில். அதன் கரியில் சாயம் கலந்திருக்கும். காய்ந்திருக்கையில் மங்கலான சாம்பல் நிறம், ஈரம் பட்டால் கத்திரிப்பூ நிறத்தில் எழும்பும். அழிக்கவே முடியாது. அதற்கு ஒரே எதிரி வெளிச்சம். வெளிச்சத்தைப் பார்த்தபடி ஆறு வருஷம் தொங்கியிருந்தால் சாயம் வெளுத்தே போயிருக்கும். ஆக்னெஸின் கூச்சம் அதைச் சுவரோடு சேர்த்து இருட்டில் வைத்திருந்தது.

ஆனால் அவள் சுவருக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றாள்.

லாம்பெர்ட் தொப்பியைக் கழற்றினான். எதிர்த்துப் பேசப்போகிறான் என்று நினைத்தேன்.

"திருப்பி வாங்க வேண்டாம், ஆக்னெஸ். நீதானே குடுத்தே, நீயே பிடிச்சுக்கோ. ஆணியிலேர்ந்து உன் கைக்கு வரட்டும், உன் கையிலேர்ந்து மறுபடி ஆணிக்குப் போகட்டும். நடுவுல நாங்க பாத்துக்கறோம். அவ்வளவுதான்."

அவள் பீடத்தில் இருந்த மாதாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"கீழ வைக்கக் கூடாது."

"வைக்கல."

"வாசலைத் தாண்டக் கூடாது."

"தாண்டல."

உள்ளே வெளிச்சம் போதவில்லை. ஆக்னெஸ் அந்த மாவுக்கட்டைக் கைக்குழந்தையைப்போல இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு வாசல்வரை வந்து, பூட்ஸ் நுனி வாசற்கல்லைத் தொடாமல் நின்றாள். லாம்பெர்ட் வாசலோரத் தீர்த்தத் தொட்டித் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்தான்.

"தேய்க்காதே. தேய்ச்சா கரைஞ்சு ஓடிடும். ஒத்தி எடுக்கணும்," என்றேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை மூஞ்சிக்கு ஈரத்துணி போடறேன். எனக்கே சொல்லித் தர்றியா?"

துணியைப் படியவைத்து, உள்ளங்கையால் அழுத்தி, தோலை உரிப்பதுபோல ஓரத்திலிருந்து தூக்கினான். புகைக்கறை துணியோடு வந்தது. அதற்கு அடியில் ஒன்றுமே இல்லாததுபோல இருந்தது. பிறகு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஈரம் உள்ளே இறங்க இறங்க எழுத்துக்கள் கத்திரிப்பூ நிறத்தில் எழுந்து வந்தன. முதலில் 'சமையலறை'. பிறகு எலும்பின் இரண்டு கோடுகள், மின்னல். மூன்று தேதிகள்: காயம்பட்டது, அறுத்தது, கட்டுப் போட்டது. அதன் கீழே ஓர் ஊரின் பெயர்: ஓல்மூட்ஸ்.

"மொராவியா," என்றான் லாம்பெர்ட். "இனிமே ஃபெர்டியோட பெருமை தாங்க முடியாது."

எலும்புக்குப் பக்கத்தில் இன்னொரு மெல்லிய கோடு தொடங்கி, ஆக்னெஸின் உள்ளங்கைக்கு அடியில் போய் மறைந்தது.

"கையை எடு, ஆக்னெஸ்."

"எடுக்க மாட்டேன். இங்கதான் அந்தக் கெட்டது எழுதியிருக்கு."

"மெக்டில்ட் கல்யாணம் ஆனவ. தாங்கிப்பா."

"நான் ஆகலியே."

"அப்ப நீ கண்ணை மூடிக்கோ."

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, உள்ளங்கையை விரல் விரலாக நகர்த்தினாள். மெல்லிய கோடு ஓரிடத்தில் அறுந்து, மறுபடி தொடர்ந்தது. அறுந்த இடத்தின் குறுக்கே இரண்டு சின்னக் கீற்றுகள், எறும்புக் கால் அளவு. அவை என்னவென்று எங்களுக்குப் புரியவில்லை. புரியாததைத்தான் இன்னும் கவனமாகப் படியெடுக்க வேண்டும். ஒவ்வொரு கீற்றின் சாய்வையும் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டேன். பிறகு ஆக்னெஸ் அந்தக் கையை எடுத்துப்போய்த் தானே ஆணியில் மாட்டினாள், பழையபடி சுவரைப் பார்த்து.

டாக்டர் ஹில்லெபிராண்ட் நான் வரைந்ததை வெகுநேரம் பார்த்தார். பிறகு சுட்டுவிரலை அந்த இரண்டு கீற்றுகளின்மேல் வைத்தார்.

"நரம்பு அறுந்திருக்கு. ரெண்டு தையல் போட்டுச் சேர்த்திருக்காங்க. ஆறு வருஷம் விரல் வேலை செஞ்சுதுன்னு நீங்க சொன்னதால, அறுபட்டிருக்காதுன்னு நான் பாதி முடிவே பண்ணியிருந்தேன்."

லாம்பெர்ட் மெல்ல எழுந்தான். "அப்ப முடியாதுங்கறீங்க."

"உட்காருங்க. எங்க தொடக் கூடாதுன்னு இப்பத் தெரிஞ்சுது, அவ்வளவுதான்." அவர் தன் முழங்கையை மடக்கிக் காட்டினார். அந்த நரம்பு முழங்கை எலும்பின் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிறது. சுவரில் இடித்துக்கொண்டால் சுரீரென்று விரல்வரை ஓடுகிறதே, அதுதான். கையை மடக்கும்போதெல்லாம் அந்தச் சுற்று வழியில் நரம்பு இழுபடும். தையலைத் தொடாமல், அதற்குக் கீழே நல்ல இடத்தில் நரம்பை எடுத்து முழங்கைக்கு முன்பக்கமாகக் கொண்டுவந்து வைத்துவிட்டால் வழி குறுகிவிடும், கயிறு தளரும், இறுக்கம் விடும். "ஆனா ஒண்ணு. முதல் சில வாரம் முன்னைவிட மோசமாத்தான் இருக்கும். பயப்படாதீங்க."

ஈஸ்டருக்கு முந்தின வாரம் அறுவை நடந்தது.

அவர் சொன்னபடியே மோசமானது. முன்பு மரத்திருந்த விரல்கள் இப்போது கட்டைபோல ஆயின. கடையில் நானே கத்தியை எடுத்தேன். "பொம்பளைகிட்ட கழுத்தைக் குடுக்கறதுக்கு எனக்குக் கல்யாணத்தன்னிக்குச் சர்ச்சுலயே பயிற்சி ஆயிடுச்சு," என்று ஃபெர்டிதான் முதலில் உட்கார்ந்தான். லாம்பெர்ட் தலைமுடி வெட்டுவதை மட்டும் இடது கையால் பழகினான். ஆக்னெஸ் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். அவன் எதிரே வருவதைத் தவிர்த்தாள். ஒரு நாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "ஆணியிலேர்ந்து எடுத்திருக்கக் கூடாது," என்று மட்டும் சொன்னாள்.

நரம்பு வளருகிற விதம் அவளுக்குத் தெரியாது. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அதன்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. இறுகிக் கிடந்த இடத்திலிருந்து உள்ளிருக்கும் இழைகள் புல்முளைபோலப் புதிதாகப் புறப்பட்டு, பழைய உறைக்குள்ளேயே கீழ்நோக்கிப் போகும். மாதத்துக்கு ஒரு கட்டைவிரல் அகலம், அதற்குமேல் அவசரப்படுத்த முடியாது. முனை எதுவரை வந்திருக்கிறது என்று வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். தோலின்மேல் விரலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். முனைக்கு நேராகத் தட்டும்போது மட்டும், உணர்வே இல்லாத சுண்டுவிரலில் எறும்பு ஓடுவதுபோல இருக்கும். அந்த இடம் மாதாமாதம் கீழே இறங்கினால் நரம்பு உயிரோடு நடந்து வருகிறது என்று அர்த்தம். இறங்காவிட்டால், நின்றுபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காப்பிக்குப் பிறகு நான் தட்டுவேன். மே மாதம் எறும்பு முழங்கைக்குக் கீழே இருந்தது. ஜூன் முழுவதும் தேடிப் பார்த்தேன். அதே இடம். லாம்பெர்ட் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொள்வான். ஜூலை யாத்திரைக்கு ஆக்னெஸ் தனியாகப் போய்வந்தாள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, பிளம்பழக் கேக்கை அறுத்து வைத்துவிட்டு ஆக்னெஸ் மாடிக்குத் திரும்பப் போனபோது லாம்பெர்ட் கூப்பிட்டான்.

"ஆக்னெஸ், இன்னிக்கு நீ தட்டு."

"நான் எதுக்கு? மெக்டில்ட் இருக்காளே."

"அவ தட்டித் தட்டி என் தோல் பழகிப்போச்சு. வா, உட்காரு."

அவள் கைகளை மேலாடையில் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். முழங்கையிலிருந்து தொடங்கச் சொன்னேன். பங்குச்சாமியார் வீட்டுக் கதவைத் தட்டுகிறவள்போல, யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று தட்டினாள்.

"கொஞ்சம் பலமா."

"வலிக்குமே."

"வலிச்சாத்தான் எனக்குச் சந்தோஷம்."

ஒவ்வொரு விரல் அகலமாக இறங்கினாள். போன மாதத்து இடத்தைத் தாண்டினாள். லாம்பெர்ட் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான், இல்லை, இல்லை என்று. மணிக்கட்டுக்கு இன்னும் பாதித் தூரம் இருக்கும்போது அவன் தலை நின்றது.

"மறுபடி தட்டு. அங்கேயே."

தட்டினாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு சுண்டுவிரலின் வெளி ஓரத்தைக் காட்டினான். "இங்க ஓடுது. இப்படி, நகம் வரைக்கும்."

ஆக்னெஸ் அந்த இடத்திலிருந்து தன் விரலை எடுக்கவே இல்லை. எடுத்தால் எங்கே அது நின்றுவிடுமோ என்பதுபோல அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கண்ணைத் துடைத்தாள். லாம்பெர்ட் கையை இழுத்துக்கொள்ளவில்லை. காப்பி ஆறினால் ஆறட்டும் என்று நானும் கோப்பையைத் தொடவில்லை.